மூடியில்லாத வண்டி

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் நிழல் உன்மீது என்றும் தங்குவதாக.

மகளே, உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாலையில் வாசலில் அமர்ந்து உன் அம்மா அதை எல்லோரும் கேட்க உரக்கப் படித்தாள். மண்டபம் அமைந்ததும், பிக்கு வர இசைந்ததும், மாப்பிள்ளையின் தாயார் உனக்காக வெண்ணிறப் புடவை எடுத்து வைத்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தோம். கடைசிப் பத்தியில் ஒன்று கேட்டிருந்தாய். நம் பழைய பிக்கப் வண்டியைத் திருமணத்துக்குப் பெங்களூர்வரை கொண்டுவர வேண்டாம் என்றும், வயதான காலத்தில் மாமா திறந்த வண்டியின் பின்னால் வெயிலில் காய்ந்து வருவதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றும், அவருக்காக நீயே ஒரு டாக்சி அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். வண்டியைப் பற்றிய கூச்சம் பாதி, மாமன்மேல் உள்ள அன்பு பாதி என்று அந்த வரிகளைப் புரிந்துகொண்டேன். இரண்டில் எதற்காகவும் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீ அறியாத செய்தி ஒன்று உண்டு. டாக்சி வந்தால் உன் மாமன் வரமாட்டார். வர இயலாது. தாய்மாமன் கைப்பற்றி அழைத்துவராமல் நீ மணமேடை ஏற நேரும்.

உன் அம்மா அந்தப் பத்தியைப் படித்தபோது அவரும் எங்களோடுதான் அமர்ந்திருந்தார். கேட்டுச் சிரித்தார். "டாக்சியா! பார்த்தியா, நானும் பெரிய எடத்து மாமன் ஆயிட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "எனக்கு அன்னிக்கு ஒடம்பு எப்பிடி இருக்குமோ மாப்ளே, நீங்க போய் வாங்க. நான் இங்கேர்ந்தே பாப்பாவுக்கு ஆசீர்வாதம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து தம் வீட்டுக்குப் போனார். இரண்டு வீடுகள் தள்ளி இருக்கும் அந்த வாசலை அடைவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். உன் அம்மா கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆகவே, இத்தனை ஆண்டுகள் உன்னிடமிருந்து மறைத்து வைத்ததை இன்று எழுதுகிறேன். திருமணம் ஆகப்போகும் பெண்ணுக்குத் தந்தை எழுதும் கடிதத்தில் அறவுரைகள் நிறைந்திருக்கவேண்டும் என்பர். என் அறவுரை முழுவதும் ஒரு வண்டியைத் தேடிய கதைக்குள் அடங்கிவிடும்.

மாமன் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில் ஓர் ஏர் பிளாஸ்ட் நேர்ந்தது நீ கேட்டதுதான். பூமியின் ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடித்துச் சரிவதை இங்கே அப்படித்தான் சொல்வோம். மேலே நம் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் குலுங்கின. கீழே அவர் நின்றிருந்த லெவலில், அந்தச் சுரங்கத் தளத்தில், வழி அடைபட்டது. படுக்க மட்டுமே உயரமுள்ள ஓர் இடுக்கில், முகத்துக்கு மேல் பாறையோடு, மீட்பவர்கள் வரும்வரை அவர் கிடந்தார். உடலில் பெரிய காயம் ஏதுமின்றி மேலே வந்தார் என்று எல்லோரும் வியந்தார்கள். நெஞ்சில் தூசு அடைந்திருக்கிறது என்று கூறி, அவரை மரக்கிடங்கில் தரைமேல் வேலைக்கு மாற்றினார்கள். தூசு இருந்தது மெய். ஆயினும் அதனினும் பெரிய ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று முதல் மூடிய இடம் எதிலும் அவரால் இருக்க முடியவில்லை. கதவு சாத்திய அறை, கூரை தாழ்ந்த பேருந்து, ரயில் பெட்டி எல்லாமே அவருக்கு அந்த இடுக்குதான். மழைக்காலத்திலும் அவர் வாசற்படியருகே படுப்பதை நீ பார்த்திருக்கிறாய். புழுக்கம் தாங்காதவர் என்று நினைத்திருப்பாய். சுரங்கத்து ஆண்களிடையே பயம் என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கிடையாது. சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற மறுத்தவனைத் தொழிலாளர் குடியிருப்பு லைன் முழுவதும் சிரித்தே ஊரைவிட்டு ஓட்டியதை நானே கண்டிருக்கிறேன். ஆகவே உன் அம்மாவிடமும் என்னிடமும் மட்டும் சொல்லி, வேறு எவரிடமும், குறிப்பாகக் குழந்தைகளிடம், சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

பிறகு குடியாத்தத்தில் அவருடைய தந்தையார் மறைந்தார். மூத்த மகன் இவர். நாங்கள் மூவரும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கதவை யாரோ இழுத்துச் சாத்தினார்கள். அவர் எழுந்தார், வழியில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினார், நடைமேடையில் நின்று, "வயித்த வலிக்குது, நீங்க போங்க, அப்பால வரேன்" என்றார். ரயில் நகர்ந்தது. அவர் வரவில்லை. தலைமகன் செய்யவேண்டியதை இளையவர் செய்தார். ஊரார் பேசியது உன் அம்மாவின் காதில் விழுந்தது. திரும்பி வந்ததும் அவள் சமையலறையில் நின்று என்னிடம் சொன்னாள்: "எங்கண்ணனுக்கு மூடியில்லாத வண்டி ஒண்ணு வேணும். நீங்க படிச்சவரு, எப்பிடியாவது பாருங்க."

எளிதாகச் சொல்லிவிட்டாள். நான் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதும் குமாஸ்தா. ஞாயிறுதோறும் விகாரையில் தம்மம் வாசிப்பவன். பழம் பாடல்களில் வரும் தேர்களைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். ஒரு மோட்டார் வண்டியின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தவனில்லை. எனக்குத் துணையாக வாய்த்தவர் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற அந்தோணி. காரணம் கேட்காமல் உடன் வந்த நல்ல மனிதர். மாட்டுவண்டி இருக்கிறதே என்று நீ கேட்கலாம். அதன் குலுக்கலை அந்த நெஞ்சு தாங்காது. லாரியின் தளம் உயரம். ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு நின்றுவிடும். ராணுவத்திலிருந்து கழித்த ஜீப் ஒன்று கிடைத்தது. அதில் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார இடமில்லை, சாயாமல் அவரால் நெடுந்தூரம் வர இயலாது. "உங்களுக்குத் தேவை பழைய அமெரிக்கன் பிக்கப்தான்" என்று அந்தோணி முடிவாகச் சொன்னார். "தாழ்வான தளம், நீட்டு ஸ்பிரிங்கு. தொட்டில் மாதிரி போவும். ஆனா ஒலகச் சண்டைக்கு முன்னாடி கப்பல்ல வந்த சரக்கு. மைசூர் ராஜ்ஜியத்துல தேடுனா கைவிரல்ல எண்ணுற அளவுதான் கீது."

தேடினோம். பேத்தமங்களாவில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனோம். வண்டி நின்றது மெய்தான். தளம் நிறையக் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. முன்பக்கத்தைத் திறந்தால் எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் வைக்கோல். தோட்டக்காரர் சற்றும் கலங்கவில்லை. "எஞ்சின் இல்லாங்காட்டி இன்னா சாமி? ரெண்டு மாடு கட்டு. பெட்ரோல் கேக்காது, ஹாரன் மட்டும் நீ வாயால அடிச்சுக்கோ" என்றார். அந்தோணி சிரித்ததில் கோழிகள் கலைந்து பறந்தன. பெங்களூரில் ஒரு தரகர், பழம்பொருள் சந்தைக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் எங்களை அழைத்துப்போய், "சார், சிங்கம் சார் இது" என்று தார்ப்பாயை விலக்கினார். சக்கரங்கள் இன்றிச் செங்கற்களின்மேல் ஒரு கூடு நின்றது. "சிங்கத்துக்குக் கால்கள் எங்கே?" என்று கேட்டேன். "கால் வரும் சார், மொதல்ல நீங்க சிங்கத்த எடுத்துக்குங்க" என்றார். இவ்வாறு கோடை ஒன்று கழிந்தது, மழை ஒன்று கழிந்தது. மாமன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "இன்னா மாப்ளே, இன்னிக்கும் தேரு கெடைக்கலியா?" என்பார். அவ்வளவுதான்.

இறுதியில் வண்டி நம் காலடியிலேயே இருந்தது. சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டபின், பழைய துரைமார் காலத்துச் சாமான்களைச் சிறிது சிறிதாகக் கழித்து விற்று வந்தார்கள். பொன் கலந்த கல்லை அரைக்கும் மில் ஒன்றின் பின்கொட்டகையில் அப்படிப்பட்ட பிக்கப் ஒன்று நிற்பதை அந்தோணி மோப்பம் பிடித்தார். பச்சை வண்ணம் வெளுத்திருந்தது. பெயர்ப்பட்டை உதிர்ந்திருந்தது. எஞ்சின் உயிரோடிருந்தது. அந்தோணி அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடி நின்ற விதத்தைப் பார்த்தபோது, விகாரையில் காப்பு ஓதலாகிய பிரித்தைச் சிலர் கேட்டு நிற்பது நினைவுக்கு வந்தது. முறைப்படி விண்ணப்பித்தேன், என் பெயருக்கே கிடைத்தது. மறுநாள் வாசற்சோதனை முடித்து வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இங்கேதான் உன் தந்தை தன் அறிவீனத்தைக் காட்டினான். நம் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் நீரால் கழுவி, மும்முறை சரணம் சொல்லி ஏற்பது வழக்கம் அல்லவா? அந்த வண்டியின் பலகைத் தளத்தில் ஆண்டுக்கணக்கான அழுக்கு ஏறிக் கிடந்தது. மாமன் சாய்ந்து வரப்போகும் இடம் என்ற எண்ணமே என் மனத்தை நிறைத்திருந்தது. மாலையில் ஒரு வாளியும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய், மில்லின் வேலிக்கு உள்ளேயே, அந்தத் தளத்தைப் பலகை பலகையாகத் தேய்த்துக் கழுவினேன். கழுவிய நீர் சாக்கடையில் இறங்கி வேலிக்கு வெளியே ஓடியது. நான் சரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் பிறந்த சிறு பிள்ளையும் இதைச் செய்யாது. மில்லில் ஓடிய வண்டியின் பலகை இடுக்கில் இருப்பது வெறும் அழுக்கன்று. அரைத்த கல்லின் மாவு, அதனுள் கண்ணுக்குத் தெரியாத பொன். மில்லின் பழைய தரைப்பலகையைக்கூடச் சும்மா எறியமாட்டார்கள். எரித்து, சாம்பலைச் சோதித்து, அதிலிருந்து பொன் எடுப்பார்கள். இதையெல்லாம் அறிந்திருக்கவேண்டிய ஓர் ஆபீஸ் ஆள், சாக்கடை வெளியே ஓடும் இடத்தில் நின்று, வாளி வாளியாக நீர் ஊற்றுகிறான். காவலர் ஓடிவந்தார். "யோவ் சாமி, இன்னா பண்றே? தங்கத்த கழுவி வெளிய அனுப்புறியா? அந்தாண்ட யாரு சட்டி வெச்சுக்கினு குந்திக்கீறாங்கோ?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது துடைப்பம் கையிலேயே இருந்தது.

கொடுக்கப்படாததை எடுக்கமாட்டேன் என்னும் இரண்டாம் சீலத்தை ஞாயிறுதோறும் ஊருக்கு ஓதுவிப்பவனைப் பொன் திருடியவன் என்று வாசல் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். மறுநாள் விசாரணை. அதிகாரி கன்னடக்காரர், கடுமையானவர், ஆனால் நேர்மையானவர். "ஏன்ரீ, உங்களுக்கு எதுக்கு பிக்கப்? நெலம் உண்டா? யாவாரம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" குடும்பத் தேவை என்றேன். "குடும்பத்துக்கு யாராவது கூரை இல்லாத வண்டி வாங்குவாங்களா? மில்லுல ஓடுன வண்டியப் பார்த்து வாங்கி, வாங்குன அன்னிக்கே கழுவுறீங்க. நான் இன்னா நெனைக்கணும்?" அவர் கேட்டதில் தவறில்லை. விடை என் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் என் வேலையும் பெயரும் பிழைக்கும். மாமன் மறைத்துக் காத்தது அந்த அறையில் நின்ற காவலர்கள் வழியே மாலைக்குள் எல்லா லைன்களுக்கும் போய்ச் சேரும். நான் வாய் திறக்கவில்லை. மௌனம் குற்றத்தை ஒப்புவதாகவே தோன்றியது. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைக்க எழுதப்போவதாக அவர் சொன்னார்.

அப்போது செய்தி கேட்டு மாமன் வந்தார். மரக்கிடங்கிலிருந்து வாசல் ஆபீஸ் வரை ஏற்றம். இடையிடையே உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார். முகம் நீலம் பாரித்திருந்தது. நிலைப்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "யாரு? உள்ள வந்து கதவச் சாத்துய்யா" என்றார்.

"அதான் சார் விஷயமே" என்றார் மாமன்.

"இன்னா?"

"கதவு சாத்தினா நான் இங்க இருக்கமாட்டேன் சார். அந்த பிளாஸ்ட்ல மாட்டிக்கினேன் இல்ல, அன்னிலேர்ந்து மூடுன எடம் ஆவாது. பயம் சார். பஸ்ஸு, ரயிலு, காரு, எதுலயும் குந்த முடியாது. எங்கப்பன் சாவுக்கே போவல. வயித்த வலின்னு பொய் சொல்லிட்டு ஸ்டேஷன்ல நின்னுட்டேன். எனக்கோசரம்தான் மாப்ள இந்த வண்டிய ஊர் ஊரா தேடுனாரு. நான் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன், அதான் ஊமையாட்டம் குந்திக்கீறாரு." மூச்சு வாங்கினார். பிறகு என்னைக் காட்டி, "தங்கம் திருடுற மூஞ்சியா சார் இது? இவரு திருடன புடிச்சாகூட ஒக்கார வெச்சு அதுக்கு ஒரு பாட்டு சொல்லி அர்த்தம் சொல்லுவாரு. திருடனே அலுத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிப்புடுவான்" என்றார்.

காவலர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. முதலில் என்னைப் பிடித்த காவலர் முன்னொரு காலத்தில் பூமிக்குள் இறங்கியவர்தான். அவர் தம் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி எழுந்து போய், தம் முதுகுக்குப் பின்னால் இருந்த சன்னலைத் திறந்தார். வந்து உட்கார்ந்தார். அதன்பின் அவர் குரல் வேறாக இருந்தது. என்னை நிறுத்திவைக்க அவர் எழுதவில்லை. விதி மட்டும் மாறவில்லை. சாக்கடைச் சேற்றை அள்ளிச் சோதித்தார்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியின் பலகைகள் அனைத்தையும் பெயர்த்து எடுத்து மில்லிலேயே எரித்தார்கள். தளம் இல்லாத வண்டி எங்களுக்கு வந்தது. அந்தோணி ஓட்ட, பின்னால் வெறும் இரும்புச் சட்டங்களின் வழியே சாலை தெரிந்தது.

புதிய தளத்தை இட்டவர் மாமனே. மரக்கிடங்கில் கழித்த பலகைகளை முறைப்படி வாங்கி, தாமே இழைத்துப் பொருத்தினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டார். ஏன் என்று கேட்டேன். "கீழ ரோடு ஓடுறது தெரியணும் மாப்ளே. அப்பத்தான் நகர்றோம்னு மனசுக்கு நம்பிக்க வரும்" என்றார். அந்த இடைவெளியில் உன் கொலுசின் திருகு விழுந்ததற்காக நீ அழுதது நினைவிருக்கிறதா? "மாமாவுக்குப் பலகை போடவே தெரியலை" என்று நெடுநாள் கேலி பேசினாய். அவர் மறுத்ததே இல்லை. "ஆமாம்மா, கோணக் கை" என்பார்.

முதல் பயணம் பேத்தமங்களா ஏரிவரை. கரையில் வண்டியை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. தளத்தில் போட்டிருந்த சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, நீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த பயணம் குடியாத்தம். தந்தையாரை அடக்கம் செய்த இடத்தில் அவர் நின்றபோது நானும் உன் அம்மாவும் தள்ளியே இருந்தோம். பூமிக்குள்ளிருந்து அவரை மீட்ட நாளில் இல்லை, அன்றுதான் அவர் மேலே வந்து சேர்ந்தார் என்று உன் அம்மா சொல்வாள். வாசல் ஆபீஸில் அவர் சொன்னது அஞ்சியபடியே லைன் முழுவதும் பரவியது. சிலர் சில காலம் சிரித்தார்கள். பிறகு, மூடிய இடம் தங்களுக்கும் ஆவதில்லை என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, ஏரிக்கரைக்கு வண்டியில் இடம் கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களை உனக்குத் தெரியும். மாமனின் சீட்டாட்டத் தோழர்கள் என்று நினைத்திருந்தாய். ஊர் அறிந்த பின்னும் உங்களிடம் மட்டும் சொல்லக்கூடாது என்றார். பிள்ளைகளின் கண்ணில் மட்டுமாவது பயமறியாதவனாக இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மகளே, நீ புகும் வீட்டிலும் மனிதர்கள் இருப்பார்கள். ஒருவர் ஒரே சாக்கை அடிக்கடி சொன்னால் சினவாதே. வயிற்றுவலி என்பதற்குள் ஒரு பாறை கிடக்கலாம். தோண்டி எடுக்கவும் முயலாதே. அவரே வந்து நிலைப்படியில் நிற்கும்வரை காத்திரு. வந்து நின்றால் சன்னலைத் திறந்துவிடு. தம்மத்தில் நான் கற்ற கருணைக்கு நடைமுறையில் நான் கண்ட உருவம் அவ்வளவுதான். உன் கணவனுக்கும் இதைப் படித்துக் காட்டலாம்.

இதை உனக்கு எழுதலாமா என்று நேற்று மாமனிடம் கேட்டேன். நெடுநேரம் இருமினார். "வாட்ச்மேன் முன்னாடியே சொன்னவன், பொண்ணுகிட்ட சொல்றதுக்கு இன்னா வெட்கம்?" என்றார். பிறகு, "ஆனா வண்டிய கொண்ணாரச் சொல்லி அவள கட்டாயப்படுத்தாதே மாப்ளே. பாவம், டாக்சி வெக்கிறேன்னு ஆசையா எழுதிக்கீது" என்றார்.

அவர் சொன்னதைக் கேளாமல் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வண்டி வரும். மண்டபத்தின் பின்வாசலில் நிறுத்து என்று நீ எழுதினால் அங்கே நிறுத்துவேன். முன்வாசல் என்றால் முன்வாசலில். அதை மட்டும் உன் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். சடங்கு நடக்கும்போது மண்டபக் கதவுகளைச் சாத்தவேண்டாம் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லிவை. விடியலில் புறப்பட்டு, வழியில் இளைப்பாறி வருவோம். வண்டி நின்றதும் நீயே வந்து பின்கதவைத் திற. அதன் வலப்பக்கக் கொக்கி துருப்பிடித்திருக்கிறது. மேலே தூக்கி உன் பக்கமாக இழுத்தால்தான் விடும். திறந்தவுடன் அவர் இறங்கமாட்டார். மூச்சுக்காகச் சற்று உட்கார்ந்திருப்பார். அவசரப்படுத்தாமல் நில். பிறகு அவரே உன்னிடம் கையை நீட்டுவார்.